பக்கத்துக் கடைக்குப் பரவிய தீ

(மதுரையில் வணிகர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடைவீதியில் தீப்பிடித்தால் மறுநாள் பேப்பரில் கடைசி வரி என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரிகிறது என்று போடுவார்கள். அதைப் படித்ததும் கடைக்காரருக்கு ஒரு நிம்மதி. யாரும் கொளுத்தவில்லை, தானாகப் பிடித்தது, அப்புறம் பக்கத்துக் கடைக்காரருக்கு நான் எதற்குப் பணம் தரவேண்டும்? என்னிடம் வருகிற கட்சிக்காரர்களில் பாதிப்பேர் இந்தத் தெம்போடுதான் வருகிறார்கள். பாதிக்கப்பட்ட பக்கத்துக் கடைக்காரரும் அதே வரியைப் படித்துவிட்டு, விதி என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு பேர் நினைப்பும் தப்பு.

தீ எதனால் பிடித்தது என்பது வழக்கின் முதல் பக்கம் மட்டும்தான். பிடிப்பதற்கு முன்னால் அந்த இடத்தை எப்படி வைத்திருந்தீர்கள், பிடித்தபின் என்ன செய்தீர்கள், மீதிப் பக்கமெல்லாம் இதைப் பற்றித்தான். இன்று இந்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். சுற்றிச் சுற்றிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் ஒப்பந்தத்துக்குச் சட்டம் உண்டு, சொத்து மாற்றத்துக்குச் சட்டம் உண்டு. ஒருவர் செயலால் அடுத்தவருக்கு நேரும் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் தீங்கியல் சட்டம் மட்டும் பெரும்பாலும் தீர்ப்புகளில்தான் கிடக்கிறது. அந்தத் தீர்ப்புகளின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆகவே கொஞ்ச நேரம் லண்டனுக்குப் போய்வருவோம்.

600 வருஷத்துக்கு முன்னால் அங்கே சட்டம் ரொம்பக் கடுமை. உன் வீட்டில் பிறந்த தீ அடுத்த வீட்டை எரித்தால் நீதான் கொடுக்கவேண்டும். வேலைக்காரன் வைத்தாலும் சரி, வீட்டுக்கு வந்த விருந்தாளி வைத்தாலும் சரி. முற்றிலும் வெளியாள் செய்ததென்றால்தான் விடுதலை. 1401இல் ஒரு வழக்கில், இப்படித் தீர்ப்பளித்தால் இந்த மனிதன் ஓட்டாண்டியாகிவிடுவானே என்று அவருடைய வக்கீல் கெஞ்சினார். ஒருவன் கெட்டாலும் பரவாயில்லை, அவனுக்காகச் சட்டத்தை மாற்றமுடியாது என்று நீதிபதி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். கூரை வீடுகள் நெருங்கிக் கிடந்த ஊரில் அந்தக் கடுமைக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

1666 செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலை, லண்டன் புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. நாலு நாள் எரிந்தது. 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள், செயின்ட் பால் பேராலயம் எல்லாம் போயின. ஃபாரினர் என்ன சொன்னார் தெரியுமா? அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படுத்தேன் என்றார். இந்த வாக்குமூலத்தை நான் மதுரையிலேயே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கடைசியில் புத்தி பேதலித்த ஒரு பிரெஞ்சுக்காரர் நான்தான் வைத்தேன் என்று சொல்ல, அவரைத் தூக்கில் போட்டார்கள். ரொட்டிக் கடைக்காரரிடம் நகரம் முழுவதற்கும் பணம் கேட்க முடியுமா? அந்த அளவுக்குப் போனபின் பழைய சட்டம் பேச்சுக்குத்தான் உதவும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வாடகையில் முளைத்தது. அந்தக் காலக் குத்தகைப் பத்திரங்களில் பழுது பார்ப்பது, திரும்பக் கட்டுவது எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு என்று எழுதியிருந்தது. கடையும் போச்சு, சரக்கும் போச்சு, இனிமேல் கட்டடத்தையும் கட்டிக்கொடுத்து, கட்டாத கட்டடத்துக்கு வாடகையும் கொடு என்றால் வியாபாரி எங்கே போவான்? நாடாளுமன்றம் தீ நீதிமன்றம் என்றே தனியாக ஒன்றை அமைத்தது. 1667இல் கிளிஃபர்ட்ஸ் இன் என்ற இடத்தில் நீதிபதிகள் கட்டணம் வாங்காமல் உட்கார்ந்தார்கள். பத்திரத்தில் எழுதியதை மீறவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. யார் கட்டுகிறாரோ அவருக்குக் குத்தகைக் காலத்தை நீட்டினார்கள், வாடகையைக் குறைத்தார்கள். யார் மேல் குற்றம் என்று தோண்டிக்கொண்டிராமல், யாரால் கட்டமுடியும் என்று பார்த்தார்கள். நகரம் எழுந்தது. நீதிமன்றம் என்றால் தலையில் கைவைக்கும் வணிகர்கள் இந்த ஒரு நீதிமன்றத்தைப் பற்றிக் கட்டாயம் படிக்கவேண்டும். நன்றிக்கடனாக நகராட்சி அந்த நீதிபதிகளின் உருவப்படங்களை வரையச் சொல்லி மாட்டியது.

பிறகு சட்டம் மறுகோடிக்கு ஓடியது. 1707இல் வந்த சட்டம், தற்செயலாகத் தீப்பிடித்த வீட்டுக்காரர் மேல் வழக்கே போடக்கூடாது என்றது. அதே சட்டம், கவனக்குறைவாகத் தீவைத்த வேலைக்காரருக்கு 100 பவுண்டு அபராதம், கட்டமுடியாவிட்டால் 18 மாதம் கடுங்காவல் என்றும் சொன்னது. முதலாளிக்கு விடுதலை, வேலையாளுக்குச் சிறை! யார் உட்கார்ந்து எழுதிய சட்டம் என்று விளக்கவேண்டியதில்லை. 1774இல் அந்தப் பாதுகாப்பைக் கொட்டகை, களஞ்சியம், நிலம் வரைக்கும் விரித்தார்கள். 86ஆம் பிரிவு. இன்றும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் உயிரோடு இருக்கிறது.

பிரிவு உயிரோடு இருந்தாலும் நீதிபதிகள் அதை ஓரம் ஓரமாக நறுக்கிவிட்டார்கள். 1847இல் ஃபிலிட்டர் வழக்கில், கவனக்குறைவால் பிடித்த தீக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றார் டென்மன் பிரபு. 1919இல் வந்தது பாருங்கள் ஒரு வழக்கு, அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும். லண்டனில் ஒரு கார் கொட்டகை, அதன் மேல்மாடியில் ஒருவர் குடியிருக்கிறார். டிரைவர் வண்டியைக் கிளப்புகிறார். கார்புரேட்டரில் குப்பென்று தீ. இது தற்செயல்தான், யாரும் மறுக்கவில்லை. பெட்ரோல் குழாயைத் திருகி மூடியிருந்தால் கார்புரேட்டரில் இருந்தது எரிந்து அணைந்திருக்கும். அனுபவமில்லாத டிரைவர் துணி தேடிப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் தீ டாங்க் பக்கம் போய்விட்டது. கார், கொட்டகை, மேல்மாடிக்காரரின் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சாம்பல். நீதிமன்றம் சொன்னது: முதலில் பிடித்தது ஒரு தீ, மூடாமல் விட்டதால் பரவியது வேறு தீ. சேதம் செய்தது இரண்டாவது தீ. அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, காரின் சொந்தக்காரர் கொடுக்கவேண்டும்.

ஒரே சுவாலையை இரண்டாகப் பிளந்தார்கள்! மாணவர்களே, இந்த உத்தியை மறக்காதீர்கள்.

சரி, கவனக்குறைவே இல்லை என்று வையுங்கள். எரியக்கூடிய சரக்கை அடுக்கி வைத்ததற்காகவே பொறுப்பு வருமா? 1868இல் ரைலண்ட்ஸ் வழக்கு வந்தது. ஒரு ஆலைக்காரர் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. ஆபத்தான பொருளைத் தன் இடத்தில் சேர்த்து வைத்தவர், அது தப்பி வெளியேறினால் கவனமாக இருந்திருந்தாலும் ஈடு கட்டவேண்டும் என்றார்கள். 1967இல் ஒரு மோட்டார் உதிரிபாக முற்றத்துக்கு இதையொட்டியே பொறுப்பு விதித்தார்கள். கிரீஸ் தாள் சுற்றிய மரப்பெட்டிகள், பெட்ரோல், பெயின்ட் எல்லாம் நெருக்கி அடுக்கிய இடம். தீ எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாவிட்டாலும் கொடு என்றார் நீதிபதி. ஆனால் 2012இல் ஹியர்ஃபோர்டு டயர் கடை வழக்கில் காற்று மாறி வீசியது. சுமார் 3,000 டயர்கள். மின்சாரக் கோளாறால் தீ. பக்கத்து நிறுவனம் தரைமட்டம். கவனக்குறைவு நிரூபணமாகவில்லை. மேல்முறையீட்டில் நீதிபதிகள் கேட்டது: வெளியேறியது டயரா, தீயா? டயர் இருந்த இடத்திலேயே எரிந்தது, தீதான் வெளியே போனது, டயர் அப்படியொன்றும் அசாதாரண ஆபத்துப் பொருளும் அல்ல. பக்கத்துக்காரர் தோற்றார். உன் கட்டடத்துக்கு நீ இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள் என்று தீர்ப்பிலேயே புத்திமதியும் கிடைத்தது. எரிந்தவனுக்கு அந்தப் புத்திமதி எப்படி இருந்திருக்கும்! எனக்கு அந்தத் தீர்ப்பு முழுசாக ஒப்பவில்லை. தர்க்கம் சரிதான். ஆனால் 3,000 டயரை வைத்து லாபம் பார்ப்பவர் ஒருவர், அதன் ஆபத்துக்குப் பிரீமியம் கட்டுபவர் இன்னொருவர் என்றாகிறதே.

இந்தியா இங்கேதான் வேறு வழியில் போனது. 1985 டிசம்பர் 4ஆம் தேதி டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் விஷவாயு விபத்து நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, ரைலண்ட்ஸ் விதி நமக்குப் போதாது என்றது. அபாயகரமான தொழில் நடத்தும் நிறுவனம் முழுப் பொறுப்பு ஏற்கவேண்டும், இயற்கைச் செயல், வெளியாள் செயல் என்ற சாக்கு எதுவும் எடுபடாது, நிறுவனம் எவ்வளவு பெரிதோ ஈடும் அவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்றது. இது துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் வராது. ரசாயனக் கிடங்குக்கும், பட்டாசுத் தொழிலுக்கும் வரும். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் என்றது நினைவிருக்கும்.

சாதாரணக் கடைக்காரர் நிலை என்ன? 1774ஆம் வருஷச் சட்டம்போல ஒரு கவசத்தை நம் நாடாளுமன்றம் உங்களுக்குச் செய்து தரவில்லை. கவனக்குறைவு என்ற அளவுகோல்தான். அதை எப்படி வைத்துப் பார்ப்பார்கள்? நான் பார்த்த ஒரு கடையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பிளாஸ்டிக் சாமான் கடை. மீட்டர் பலகை மாடிப்படிக்கு அடியில். ஃப்யூஸ் கேரியரில் ஃப்யூஸ் கம்பி இல்லை, முறுக்கிய செம்புக் கம்பி மூன்று இழை. அடிக்கடி போகிறதே என்று வயர்மேன் கட்டிவிட்டுப் போனாராம். பலகைக்கு நேர் கீழே அட்டைப்பெட்டிகள். தீயணைப்பான் ஒன்று இருந்தது, கல்லாவுக்குப் பின்னால், அதன் கழுத்தில் ஊதுவத்திப் பொட்டலம் தொங்கியது. உருகின செம்பு முத்து முத்தாகத் தரையில் கிடந்ததை மின் ஆய்வாளர் காகிதத்தில் மடித்து எடுத்தார். அறிக்கையில் மின்கசிவு என்றுதான் எழுதினார். ஆனால் அந்தச் செம்பு முத்துகளை நீதிமன்றத்தில் காட்டியபின் அந்தச் சொல்லை எதிர்த்தரப்பு வக்கீலே இரண்டாம் தடவை உச்சரிக்கவில்லை. ஷட்டருக்கு உள்ளே நடந்தது உங்களுக்கு மட்டுமே தெரியும் என்பதால், அதை விளக்கும் சுமையும் உங்கள் தலையில் ஏறும். பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 109.

தெய்வச் செயல் என்று சிலர் எழுதித் தரச் சொல்வார்கள். 2003இல் உத்தரப் பிரதேசத்தில் மெக்டொவல் நிறுவனத்தின் மதுக் கிடங்கு எரிந்தது. எரிந்த சரக்குக்கும் ஆயத்தீர்வை கட்டு என்றது அரசு. தெய்வச் செயலுக்கு நாங்கள் என்ன செய்வோம் என்றது நிறுவனம். 2022இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இடி, புயல்போல வெளியிலிருந்து எந்த இயற்கைச் சக்தியும் வராதபோது, கிடங்குக்குள் பிடித்த தீயைத் தெய்வத்தின் கணக்கில் எழுதமுடியாது என்றது.

இனி உபகார் தியேட்டர் தீ. இதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பைப் பேசமுடியாது. டெல்லி, 1997 ஜூன் 13, பகல் காட்சி. தியேட்டரின் தரைத்தளத்தில் மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர். அன்று காலைதான் அதைப் பழுது பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், அரைகுறையாக. மாலையில் கேபிள் கழன்று, எண்ணெய் கசிந்து தீ. வாரியத்தின் சாதனம், வாரியத்தின் பழுது வேலை. தியேட்டர்காரர் தீவைக்கவில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி அளவுக்கு மீறிக் கார்களை நிறுத்த விட்டிருந்தார்கள், தீ அவற்றில் தாவியது. புகை பால்கனிக்கு ஏறியது. பால்கனியில் ஒரு பக்க நடைபாதையையும் வாசலையும் அடைத்துக் கூடுதல் இருக்கைகள் போட்டிருந்தார்கள். எழுந்து ஓடுங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை வரவில்லை. 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி. 2011இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பைப் பங்கிட்டது: மின்வாரியத்துக்கு 15 சதவீதம், தியேட்டர் உரிமதாரருக்கு 85 சதவீதம். தீயைப் பெற்றவர் பங்கு 15, அதை வளர்த்தவர் பங்கு 85 என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். கூடுதல் இருக்கையில் எத்தனை டிக்கெட் விற்றிருப்பார்கள்? அந்தக் காசையும் அந்த 85ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாடகைக் கடைக்காரர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். சொத்து மாற்றச் சட்டம் 108ஆம் பிரிவு. கடை முழுசாக எரிந்து பயன்படாமல் போனால் குத்தகையை முறித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. தீ உங்கள் தவறால் வந்ததென்றால் அந்த உரிமை இல்லை, வாடகையும் ஓடும், கட்டடச் சேதத்துக்கும் உரிமையாளர் வருவார். உரிமையாளர் வராவிட்டாலும் அவருக்குப் பணம் கொடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனி அவர் இடத்தில் நின்று உங்கள்மேல் வரும். இதற்கு ஒரு மருந்து உண்டு. 1985இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், பெர்னி இன்ஸ் என்ற உணவகம் கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தது. அதன் கவனக்குறைவால் கட்டடமே எரிந்தது. ஆனால் கட்டட இன்ஷூரன்ஸுக்கு வாடகைதாரரும் பங்கு கட்டுவதாகப் பத்திரத்தில் இருந்ததால், அந்தப் பாலிசி இருவர் நன்மைக்கும் எடுத்தது, கம்பெனி வாடகைதாரரைத் துரத்தமுடியாது என்றது நீதிமன்றம். அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது முன்பண வரிக்கு அடுத்து இந்த வரியையும் எழுதிக் கேளுங்கள். முத்திரைத்தாளுக்குக் கூடுதல் செலவில்லை.

அடுத்தவர் சரக்கு உங்களிடம் இருந்தால் கதை வேறு. தைக்கக் கொடுத்த துணி, பழுதுக்கு வந்த மோட்டார், கிடங்கில் வைத்த மிளகாய் மூட்டை. ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சரக்கைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்திருக்கவேண்டும் என்கிறது. லாரி புக்கிங் ஆபீஸ்காரர்களுக்கு இன்னும் கடுமை. 2000இல் படேல் ரோட்வேஸ் வழக்கில் கிடங்குத் தீயில் சரக்கு எரிந்தபோது, பொதுச் சரக்கு ஏற்றுநர் கிட்டத்தட்ட இன்ஷூரன்ஸ்காரர் மாதிரிதான், அவருடைய கவனக்குறைவை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் எடுக்கும் தீ பாலிசி உங்கள் சொத்துக்கு. 2021 ஏப்ரலிலிருந்து 5 கோடி வரை பாரத் சூக்ஷ்ம, 50 கோடி வரை பாரத் லகு என்று வந்திருப்பவையும் அடிப்படையில் அப்படித்தான். பக்கத்துக் கடைக்காரர் உங்கள்மேல் போடும் வழக்குக்கு அது பணம் தராது. அதற்குப் பொதுப் பொறுப்புப் பாலிசி தனி. நம் ஊரில் எடுத்தவர் எத்தனை பேர், கை தூக்குங்கள். (சபையில் சிரிப்பு.) அபாயப் பொருள் வைத்திருப்பவர்களுக்கு 1991ஆம் வருஷச் சட்டம் கட்டாய இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தது. எழுதியபோது அதன் அட்டவணையில் சொத்துச் சேதத்துக்கு இருந்த உச்சவரம்பு 6,000 ரூபாய். ஷட்டர் மாற்றக்கூடப் போதாது.

இன்னொரு வகைப் பாதிப்பும் உண்டு. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் எரிந்து, மறுநாள் விடிவதற்குள் மாடிகள் சரிந்தன. உஸ்மான் சாலையில் அக்கம்பக்கக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அவர்கள் சரக்கில் ஒரு நூல்கூடக் கருகாமல் இருந்திருக்கலாம். வியாபாரம் மட்டும் போனது. இதைக் கேட்டு வாங்கமுடியுமா? இங்கிலாந்தில் 1972 ஸ்பார்டன் ஸ்டீல் வழக்கிலிருந்து வழி அடைத்துக் கிடக்கிறது. கேபிள் அறுந்ததால் உலையில் கெட்டுப்போன இரும்புக்கு ஈடு உண்டு, மின்சாரம் இல்லாத நேரத்தில் உருக்கமுடியாமல் போன இரும்பின் லாபத்துக்கு இல்லை. இங்கே ஒருவர் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. நீதிமன்றக் கட்டணம்தான் எல்லோரையும் பயமுறுத்தியது. தமிழ்நாட்டில் 7.5 சதவீதமாக இருந்ததை 2017இல் 3 சதவீதம் ஆக்கிவிட்டார்கள்.

சீட்டில் கேள்விகள் வந்திருக்கின்றன. நேரமாகிவிட்டது, ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரு கிடங்கு உரிமையாளர் எழுதியிருக்கிறார்: "தீபாவளி ராக்கெட் என் மொட்டைமாடியில் விழுந்து தீப்பிடித்துப் பக்கத்து வீட்டுக்குப் பரவினால் நான் பொறுப்பா?"

ராக்கெட் விட்ட பையன் வெளியாள். 1401இலேயே வெளியாள் வைத்த தீக்கு விலக்கு உண்டு, அந்த அளவுக்கு நீங்கள் தப்பினீர்கள். ஆனால் 1961இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய மரத்தில் இடி விழுந்து தீப்பிடித்தது. நிலத்துக்காரர் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு, தானே எரிந்து தீரட்டும் என்று விட்டுவிட்டார். தண்ணீர் ஊற்றி அணைத்திருக்க முடியும். சில நாளில் காற்று எழுந்து பக்கத்து நிலங்கள் எரிந்தன. இடி வைத்த தீதான், ஆனாலும் நிலத்துக்காரர் பொறுப்பு என்றது பிரிவி கவுன்சில். ஆகவே உங்களிடம் நான் கேட்பேன்: மொட்டைமாடியில் என்ன வைத்திருக்கிறீர்கள்? தெர்மாகோல், காலி அட்டை, பழைய ஃப்ளெக்ஸ் என்றால், வருஷா வருஷம் ராக்கெட் விழும் தெருவில் அதை ஏன் தீபாவளிக்கு முன் இறக்கவில்லை? மேலே தண்ணீர்க் குழாய் இருக்கிறதா? படிக்கட்டுக் கதவின் சாவி வாட்ச்மேனிடம் இருந்ததா, அல்லது அவர் ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டாரா? இந்த மூன்றுக்கும் பதிலை எழுதிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வாருங்கள், பொறுப்பா இல்லையா என்று அப்போது சொல்கிறேன். தீபாவளிக்கு முன்னால் வந்தால் கட்டணம் குறைவு.